குளத்து மீனின் ரத்தம் என்ன சொல்லும், என்ன சொல்லாது

குளத்தில் மீனுக்கு உடம்பு சரியில்லை என்பது நமக்கு எப்போது தெரியவருகிறது? போட்ட தீவனம் அப்படியே கிடக்கும்போது, அல்லது விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்போது, இல்லையென்றால் நேராக வயிறு மேலே தெரிய மிதக்கும்போது. எல்லாமே தாமதமாக வரும் சேதிகள். ஆடு, மாடு என்றால் மூக்கைத் தொட்டுப் பார்க்கலாம், அசை போடுகிறதா என்று கவனிக்கலாம். கலங்கிய தண்ணீருக்கு அடியில் ஆயிரக்கணக்கான உயிர்கள் எப்படி இருக்கின்றன என்று தெரியாமலேயேதான் பரங்கிப்பேட்டையிலிருந்து பாகூர் வரைக்கும் மீன் வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

கடலூர் முதுநகர் பக்கம் கொடுவா வளர்க்கும் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, எங்கம்மாவுக்கு மாசாமாசம் சுகர், கிரியாட்டினின் எல்லாம் பாக்குறோம். இத்தன லட்ச ரூபா மீனு தண்ணிக்குள்ள கெடக்கு, அதுக்கு ஒரு டெஸ்டும் கெடையாதா?" நான் வேலை பார்ப்பது மனிதர்களுக்கான லேபில். இருந்தாலும் கேள்வி நியாயமானது. பதிலும் ஆமாம்தான்: மீனுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு, மீனைக் கொல்லாமல் எடுக்கலாம், அதில் சில டெஸ்டுகளுக்குப் பெரிய லேப்கூடத் தேவையில்லை. ஆனால் அம்மாவின் ரிப்போர்ட்டைப் பார்க்கிற மாதிரி "நார்மல் இவ்வளவு, உங்களுக்கு இவ்வளவு" என்று பக்கத்தில் அச்சடித்த அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதாக இருந்தால் அந்தக் காசுக்கு இன்னும் ஒரு மூட்டைத் தீவனம் வாங்கிக்கொள்ளலாம். மீன் ரத்தத்தில் ஒற்றை ரிப்போர்ட் கிட்டத்தட்ட வெறும் காகிதம். அதே குளத்தில், அதே மீனில், நன்றாக இருந்த நாளில் எடுத்த அளவு கையில் இருந்தால்தான் இன்றைய அளவுக்கு அர்த்தம் வரும். இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் இதை உண்மையிலேயே தொழிலாகச் செய்கிறவர்களைப் பார்த்துவிடலாம். நார்வே, ஸ்காட்லாந்து, சிலி நாட்டு சால்மன் பண்ணைகள். நார்வேயில் கடலில் மிதக்கும் ஒரு கூண்டுக்குள் 2 லட்சம் மீன் வரைக்கும் வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அங்கே பெரிய தலைவலி, மீனின் தோலில் ஒட்டிக்கொண்டு அதைத் தின்னும் கடல் பேன். அதை எடுக்க மீன்களைக் குழாய் வழியாக உறிஞ்சி வெதுவெதுப்பான நீரில் முக்குவார்கள், பிரஷ்ஷால் தேய்ப்பார்கள், நன்னீரில் விடுவார்கள். நல்ல மீன் இதைத் தாங்கும். இதயமோ செவுளோ ஏற்கெனவே பழுதான மீன் தாங்காது, பேனால் சாகாமல் பேன் சிகிச்சையில் செத்துவிடும். அதனால் சிகிச்சைக்கு முன்னால் கூண்டுக்குப் பத்து இருபது மீனைப் பிடித்து ரத்தம் பார்த்து, இப்போது செய்யலாமா தள்ளிப்போடலாமா என்று முடிவெடுக்கிற பழக்கம் வந்திருக்கிறது. ரத்தத்தில் தேடுவது என்ன? பெரும்பாலும் நம் லேபில் தினமும் ஓடுகிற அதே டெஸ்டுகள்தான். சால்மனின் தசையையும் இதயத்தையும் தாக்கும் வைரஸ் நோய்கள் சில இருக்கின்றன. தசை சிதையும்போது அதற்குள் இருக்கும் கிரியாட்டின் கைனேஸ் என்கிற என்சைம் ரத்தத்தில் கசியும். மாரடைப்பு சந்தேகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு வழிவழியாகப் பார்த்துவந்த சி.கே.தான் இது, வேறொன்றும் இல்லை. வெளியே மீன் பளபளவென்று இருக்கும்போதே இந்த அளவு ஏறிவிடும் என்பதுதான் விஷயம்.

இன்னொரு பழைய உதாரணம், சால்மன் ரத்தசோகை நோய். 1984இல் நார்வேயில் முதலில் கண்டார்கள், 2007இல் சிலிக்குள் நுழைந்து அந்த நாட்டு சால்மன் தொழிலையே படுக்கவைத்தது. பெயரிலேயே ரத்தசோகை இருக்கிறது. ரத்தத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு இடத்தை நிரப்பியிருக்கின்றன என்று சொல்லும் பிசிவி, நல்ல சால்மனில் 40 சதவீதம் பக்கம் இருப்பது, முற்றிய நோயில் 10க்கும் கீழே இறங்கிவிடும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் வெளிறிப்போயிருக்கும். கண்ணுக்கே தெரியும் நிலைக்கு வந்தபின் டெஸ்ட் எதற்கு என்று கேட்கலாம், சரிதான். 40 என்பது 30 ஆகும்போது கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் டெஸ்ட்.

சரி, நம் ஊருக்கு வருவோம். கடலூர், புதுச்சேரி பக்கம் உவர்நீரில் கொடுவா, நன்னீரில் ரோகு, கட்லா, மிருகால், திலேப்பியா, கொஞ்ச காலமாக விரால். இறாலைத் தனியாகச் சொல்கிறேன், அது வேறு கதை.

மீனின் உடம்பில் ரத்தம் குறைவு. மனிதருக்கு உடல் எடையில் 7 சதவீதம் அளவுக்கு இருக்கிறது என்றால், எலும்பு மீன்களுக்கு 3 முதல் 5 சதவீதம்தான். 600 கிராம் கொடுவா ஒன்றில் மொத்தமே 20, 30 மில்லி. அதில் 1 மில்லி எடுத்தால் மீனுக்கு ஒன்றும் ஆகாது, லேபுக்கும் போதும். விரலி அளவில் இருக்கும் குஞ்சில் எடுக்க நினைத்தால் அது பிழைக்காது, அந்த வயதில் ரத்தம் பார்க்கும் ஆசையை விட்டுவிடலாம்.

எடுக்கும் இடம் வாலின் அடிப்பக்கம். குதத் துடுப்பு முடிந்து வால் துடுப்பு தொடங்குவதற்கு முன்னால், வயிற்றுப் பக்க நடுக்கோட்டில், 22 அல்லது 23 கேஜ் ஊசியை நேர்செங்குத்தாக ஏற்ற வேண்டும். முள்ளெலும்பு தட்டும். தட்டியதும் ஒரு நூலளவு பின்னால் இழுத்து சிரிஞ்சை மெதுவாக இழுத்தால் வால் ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் ஏறும். வேகமாக இழுத்தால் குழாய்ச் சுவர் ஊசி வாயில் ஒட்டிக்கொள்ளும், அணுக்களும் உடையும். ரத்தத்துக்கு பதிலாகத் தெளிந்த நீர் வந்தால் அது நிணநீர், இடம் தவறிவிட்டது என்று பொருள், அந்த சிரிஞ்சை அப்படியே தள்ளிவிட்டு வேறு எடுப்பது நல்லது, கலந்த ரத்தத்தில் எல்லா அளவும் குறைத்துக் காட்டும். எடுத்து முடித்தபின் அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கொடுவாயைப் பிடிக்கிறவர் துணி சுற்றிப் பிடிக்கட்டும், அதன் செவுள் மூடி விளிம்பு உள்ளங்கையை அறுத்துவிடும் என்பது வளர்க்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, லேபிலிருந்து ஆர்வமாக வரும் ஆட்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

துள்ளும் மீனில் ஊசி போட முடியாது. மயக்கத்துக்குக் கிராம்பு எண்ணெய் போதும். பத்து லிட்டர் தண்ணீருக்கு அரை மில்லி அளவில், முதலில் கொஞ்சம் எத்தனாலில் கரைத்துவிட்டுக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதந்துகொண்டிருக்கும், மீன் கீழே முழித்துக்கொண்டிருக்கும். மயங்கிப் புரண்டதும் எடுத்துவிட்டு, ஏரேட்டர் ஓடும் நல்ல தண்ணீரில் விட்டால் சில நிமிடங்களில் எழுந்துவிடும். இப்படி மயக்கிய மீனை அன்றைக்கே சந்தைக்கு ஏற்றக் கூடாது. எம்எஸ்222 என்கிற மயக்க மருந்துக்கு அமெரிக்காவில் 21 நாள் காத்திருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

இதுவரைக்கும் கைத்திறன். இனிமேல்தான் சிக்கல், ஏனென்றால் மீனைப் பிடிக்கிற செயலே ரத்தத்தை மாற்றிவிடுகிறது. வலை வீசி இழுத்ததும் மீனின் உடம்பில் கார்டிசோல் என்கிற பதற்ற ஹார்மோன் ஏறத் தொடங்கும், மூன்று நான்கு நிமிடத்திலேயே தெரியும் அளவுக்கு. அதன் பின்னால் சர்க்கரை ஏறும், கொஞ்சம் பொறுத்து, ஒரு மணி நேரத்துக்குள். மண்ணீரல் சுருங்கிச் சேமிப்பில் இருந்த சிவப்பணுக்களை வெளியே தள்ளும், இருக்கிற சிவப்பணுக்களும் ஊதிப் பெரிதாகும், ஆக பிசிவியும் ஏறும். முதல் மீனை இரண்டாவது நிமிடத்திலும் பத்தாவது மீனை நாற்பதாவது நிமிடத்திலும் எடுத்தால் பத்தாவது மீனுக்கு நோய் என்று ரிப்போர்ட் சொல்லும், உண்மையில் அது வலையில் கிடந்த நேரத்தைத்தான் சொல்கிறது. அதனால் ஒரு வீச்சுக்கு இரண்டு மூன்று மீன், அவ்வளவுதான். குளத்தின் இன்னொரு மூலைக்குப் போய் அடுத்த வீச்சு. எந்த மீன் தண்ணீரைவிட்டு வந்து எத்தனை நிமிடத்தில் ஊசி ஏறியது என்பதை ரத்த அளவுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். முந்தின நாள் தீவனத்தையும் நிறுத்திவிட வேண்டும், சாப்பிட்ட மீனின் பிளாஸ்மா, அதாவது அணுக்களைப் பிரித்தபின் நிற்கும் ரத்த நீர், கொழுப்பேறிப் பால் நிறத்தில் வரும், அதில் எந்த என்சைமும் ஒழுங்காக அளக்க வராது.

எடுத்த ரத்தத்தை அப்படியே தெருமுனை லேபில் கொடுத்து "ஒரு சிபிசி போட்டுக் கொடுங்க" என்று ரத்த அணுக்களை எண்ணச் சொன்னால் என்ன ஆகும்? வேடிக்கைதான் ஆகும். மனிதரின் சிவப்பணுவில் உட்கரு கிடையாது. மீனின் சிவப்பணு வெள்ளரி விதை வடிவில் நீள்வட்டமாக, நடுவில் உட்கருவோடு இருக்கும், அளவிலும் பெரியது. லேபில் இருக்கும் செல் கவுண்டர் மிஷின் வெள்ளையணுவை எண்ணுவதற்கு முதலில் சிவப்பணுக்களையெல்லாம் ஒரு மருந்து போட்டு உடைத்துவிடும், மிச்சம் இருப்பதெல்லாம் வெள்ளையணு என்று எண்ணும். மனித ரத்தத்தில் அது சரி. மீன் ரத்தத்தில் உடைந்த சிவப்பணுக்களின் உட்கருக்கள் லட்சக்கணக்கில் மிதக்கும், மிஷின் அத்தனையையும் வெள்ளையணு என்று எண்ணி, ரத்தப் புற்றுநோய் ரிப்போர்ட் மாதிரி ஒன்றைத் துப்பும். ஹீமோகுளோபினும் ஏமாற்றும், உட்கருக் குப்பையால் கரைசல் கலங்கி அளவு கூடுதலாகத் தெரியும். ஹீமோகுளோபின் அளக்கப் பயன்படும் டிராப்கின் கரைசலில் கலந்தபின் ஒருமுறை சென்ட்ரிபியூஜில் சுற்றி, தெளிந்த பகுதியை மட்டும் படித்தால் அது சரியாகிவிடும். அணுக்களைப் பழைய முறையில் நியூபவர் கட்டம் என்கிற கோடு போட்ட கண்ணாடியில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணால்தான் எண்ண வேண்டும். மீனுக்கு ஒரு மைக்ரோலிட்டரில் சிவப்பணு 10 முதல் 30 லட்சம் வரை வருவது சகஜம், ஆண்களின் 45 லட்சத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ரத்தசோகை மாதிரித் தோன்றும், ஆனால் இல்லை. குழாய் விஷயமும் உண்டு: நாம் சிபிசிக்குக் கைநீட்டி எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்த்திருக்கும் இடிடிஏ சில வகை மீன்களின் சிவப்பணுவை உடைத்துவிடுகிறது. பச்சை மூடி, அதாவது ஹெப்பாரின், பாதுகாப்பு.

இவ்வளவு இருக்கிறதே, பண்ணைக்காரர் என்ன செய்வது? என் கணிப்பில் நம் ஊர்க் குளத்துக்கு நாலு டெஸ்ட் போதும், மற்றதெல்லாம் ஆராய்ச்சிக்காரர்களுக்கு. பிசிவி ஒன்று: மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, ஒரு முனையை அடைத்து, அதற்கான சென்ட்ரிபியூஜில் ஐந்து நிமிடம் சுற்றினால் அடியில் சிவப்பு, நடுவில் மெல்லிய வெள்ளை வரி, மேலே பிளாஸ்மா என்று பிரிந்து நிற்கும், ஸ்கேலை வைத்து அளந்துவிடலாம். அதே குழாயை உடைத்து மேலே நிற்கும் பிளாஸ்மாவில் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தால் மொத்தப் புரதம் கிடைக்கும். உப்புத்தன்மை பார்க்க இறால் பண்ணைக்காரர் வைத்திருக்கும் கருவியின் அண்ணன் தம்பிதான் அது, புரத அளவுகோல் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். சர்க்கரைக்கு வீட்டில் அம்மாவுக்கு வைத்திருக்கும் குளுக்கோமீட்டரே ஆகும். மீன் ரத்தத்தில் அது லேப் அளவைவிடக் குறைத்துத்தான் காட்டும், ஆனால் ஒரே மீட்டரில் பார்த்தால் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட உதவும். நாலாவது, ஒரு சொட்டை ஸ்லைடில் தேய்த்து லீஷ்மன் அல்லது ஜீம்சா சாயம் போட்ட ஸ்மியர். என்னைக் கேட்டால் நாலில் இதுதான் ராஜா. சிவப்பணு வெளிறியிருக்கிறதா, முதிராத குட்டி அணுக்கள் அதிகம் வந்திருக்கின்றனவா, வெள்ளையணு வகைகளில் நியூட்ரோபில் ஏறி லிம்போசைட் இறங்கியிருக்கிறதா, டிரிப்பனோசோமா மாதிரி ஒட்டுண்ணி நெளிந்த தடம் இருக்கிறதா, எல்லாம் அந்த ஒரே கண்ணாடியில். மீனின் ரத்தம் உறையவைக்கும் அணுவுக்கும் உட்கரு உண்டு, பார்க்க லிம்போசைட் மாதிரியே இருக்கும், புதிதாகப் பார்க்கிறவர் இரண்டையும் சேர்த்து எண்ணிவிடுவார், அதைப் பழகத்தான் நாளாகும்.

இந்த நாலையும் வைத்துக்கொண்டு என்ன கண்டுபிடிக்க முடியும் என்பதற்கு நம் சூழலில் இருந்தே சொல்கிறேன்.

பிசிவி மெதுவாக இறங்கிக்கொண்டே வந்தால், மீன்பேன், நங்கூரப் புழு, அட்டை மாதிரி ரத்தம் உறிஞ்சும் கூட்டத்தைத் தேட வேண்டும், துடுப்பு அடியிலும் செவுளுக்குள்ளும். அதெல்லாம் இல்லை, புரதமும் கூடவே இறங்குகிறது என்றால் தீவனத்தைச் சந்தேகப்பட வேண்டும். கெண்டை வளர்ப்பவர்கள் இன்னமும் தவிடும் கடலைப் புண்ணாக்கும்தான் போடுகிறார்கள், விருத்தாசலம் பக்கம் கடலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூட்டைக்குள் பூஞ்சை பிடித்தால் அதில் அஃப்ளடாக்சின் உருவாகும், அது நேராகக் கல்லீரலைத் தாக்கும். 1960 வாக்கில் அமெரிக்காவில் ட்ரவுட் பண்ணைகளில் மீனுக்குக் கூட்டம் கூட்டமாகக் கல்லீரல் புற்றுநோய் வந்து, காரணம் தேடிப்போனபோது தீவனத்தில் சேர்த்த பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் இருந்த இந்த விஷத்தில் போய் முடிந்தது. கல்லீரல் கெடும்போது ஏஎஸ்டி, ஏஎல்டி என்கிற என்சைம்கள் ரத்தத்தில் ஏறும். இவற்றைப் பிரித்தெடுத்த பிளாஸ்மாவில் எந்த லேபிலும் பார்க்கலாம், இதில் உட்கருப் பிரச்சினை இல்லை. ரத்தம் உடைந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான், உடைந்த சிவப்பணுவிலிருந்தே ஏஎஸ்டி கசிந்துவிடும். யூரியா, கிரியாட்டினின் போட்டுப் பார்த்துச் சிறுநீரகம் பற்றி முடிவுக்கு வர வேண்டாம். மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாகவே வெளியே விட்டுவிடுகிறது.

அடுத்தது எந்தக் கருவியும் இல்லாமல் பார்க்கக்கூடியது, ரத்தத்தின் நிறம். நன்னீர்க் குளத்தில், அதிலும் நெருக்கி வளர்க்கும் பயோஃப்ளாக் தொட்டியில், மீன் கழிவிலிருந்து உருவாகும் நைட்ரைட் ஏறினால் அது செவுள் வழியாக உள்ளே போய் ஹீமோகுளோபினை மெத்தீமோகுளோபின் ஆக்கிவிடும், அது ஆக்ஸிஜனைச் சுமக்காது. தண்ணீரில் ஆக்ஸிஜன் இருக்கும், மீன் மட்டும் மூச்சுத் திணறும். ஏரேட்டரை எவ்வளவு ஓட்டினாலும் தெளியாது. ஒரு மீனில் ரத்தம் எடுத்து வெள்ளை டைல்ஸ் மேல் ஒரு சொட்டு விட்டுக் காற்றுப் பட வையுங்கள். சாதாரண ரத்தம் கொஞ்ச நேரத்தில் பளிச்சென்று சிவக்கும். இது சாக்லேட் நிறத்திலேயே நிற்கும். வைத்தியம் சாப்பாட்டு உப்பு. குளோரைடும் நைட்ரைட்டும் செவுளில் ஒரே வாசலில்தான் நுழையும், குளோரைடு நிறைய இருந்தால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரைடு என்பது கெளுத்திப் பண்ணைகளில் அமெரிக்கர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒரு ஏக்கரில் நாலடித் தண்ணீர் நின்றால் அதற்குச் சுமார் 800 கிலோ உப்பு ஆகும், உப்பளங்கள் உள்ள மரக்காணம் பக்கத்தில் இருப்பது ஒருவிதத்தில் நம் அதிர்ஷ்டம். ஆனால் கொட்டுவதற்கு முன் தண்ணீரில் ஏற்கெனவே குளோரைடு எவ்வளவு என்று பாருங்கள். நம் கடலோரப் போர்த் தண்ணீர் பல இடங்களில் அதுவாகவே உவர்ப்புதான், அங்கே இந்த நோய் வருவதும் அபூர்வம். தீவனத்தைக் குறைத்து, நைட்ரைட் இறங்கினால் மீன் தன் ரத்தத்தைத் தானே ஓரிரு நாளில் சரிசெய்துகொள்ளும்.

உவர்நீர்க் கொடுவாக்காரர்களுக்கு என் கவலை வேறு: மழை. மீனின் ரத்தத்தில் உப்பு, கடல் நீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. கடலில் இருக்கும்போது உப்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், நன்னீரில் இருக்கும்போது உப்பை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையைப் பெரும்பாலும் செவுள்தான் செய்கிறது. கொடுவா இரண்டிலும் வாழ்கிற மீன், பருவத்துக்குத் தகுந்தபடி மாறிக்கொள்ளும், ஆனால் மாறிக்கொள்ள நேரம் வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் தென்பெண்ணையில் வந்து சேர்ந்தது. உவர்நீர்க் குளத்தின் உப்பு அப்படி ஒரே ராத்திரியில் அடித்துக்கொண்டு போனால், செவுள் நன்றாக இருக்கும் மீனின் ரத்தத்தில் சோடியமும் குளோரைடும் இறங்கி, பிறகு மறுபடி ஏறி நிலைக்கு வரும். செவுளில் ஒட்டுண்ணியோ பழைய அம்மோனியாப் புண்ணோ இருக்கும் மீனில் இறங்கியது ஏறாது. புயலுக்குப் பிறகு ஒரு வாரம் கழித்து, "தண்ணி எல்லாம் தெளிஞ்சிருச்சு, ஆனா தினம் நாலு சாவுது" என்று வரும் போன்களில் பாதிக்கு இதுதான் விளக்கமாக இருக்கும் என்பது என் ஊகம். சோடியம், குளோரைடு இரண்டும் எந்த ஆஸ்பத்திரி லேபிலும் எலக்ட்ரோலைட் மிஷினில் ஒரு நிமிட வேலை. சால்மன்காரர்கள் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள்: நன்னீரில் வளர்ந்த குஞ்சைக் கடலுக்கு அனுப்பும் முன் சிலவற்றை 24 மணி நேரம் கடல்நீரில் விட்டு ரத்தத்தில் உப்பு அளவு பார்க்கிறார்கள். ஏறாமல் கட்டுக்குள் இருந்தால் குஞ்சு கடலுக்குத் தயார், இல்லாவிட்டால் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும். நன்னீரில் நர்சரி வைத்து உவர்குளத்துக்கு மாற்றும் நம் ஆட்களும் இதைச் செய்து பார்க்கலாம், குஞ்சு ரத்தம் எடுக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தால்.

இப்போது அந்த "நார்மல்" விஷயம். சர்க்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அமைதியாக இருக்கும் கெண்டை, திலேப்பியாவுக்குப் பெரும்பாலும் நூறுக்குக் கீழே இருக்கும் என்று சொல்லலாம், ஆனால் சித்திரை வெயிலில் 33 டிகிரித் தண்ணீரில் எடுத்ததும் மார்கழியில் 25 டிகிரியில் எடுத்ததும் ஒன்றாக இருக்காது. மீனின் உடம்பு தண்ணீரின் சூட்டிலேயே ஓடுவதால் ரத்தமும் அதோடு மாறும். வயது, எடை, சினை, தீவனம், உப்பு, காலையா மாலையா, எல்லாம் மாற்றும். கொடுவாயின் அளவு விராலுக்குப் பொருந்தாது. விரால் காற்றை நேராக மூச்சிழுக்கும் மீன், அதன் பிசிவியைக் கெண்டையோடு ஒப்பிட்டால் தப்புக் கணக்குதான் வரும். வெளிநாட்டுக் கட்டுரை அட்டவணையைத் தேடி எடுத்து அதோடு ஒப்பிட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு, வேண்டாம். குஞ்சு விட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து, நன்றாகத் தின்று நன்றாக வளரும் ஒரு நாளில், பத்து மீனில் எடுத்து எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் குளத்தின் நார்மல். பிறகு மாதம் ஒருமுறை அதே நேரத்தில், அதே முறையில். பத்து மீனின் சராசரியைவிட, பத்துக்குள் எத்தனை தனித்துக் கீழே கிடக்கின்றன என்று பாருங்கள், நோய் முதலில் அங்கேதான் தலைகாட்டும். மாறாத குளத்தில் இது சலிப்பான வேலை, இரண்டு மாதத்தில் விட்டுவிடத் தோன்றும்.

ரத்தம் சொல்லாதவையும் இருக்கின்றன. எந்தக் கிருமி என்று சொல்லாது. கொடுவாக் குஞ்சைச் சுழன்று சுழன்று சாகவைக்கும் நரம்பு வைரஸ், திலேப்பியா ஏரி வைரஸ் எல்லாவற்றுக்கும் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் டெஸ்ட்தான். புண்ணோடு வரும் மீனுக்குப் புண்ணிலிருந்து எடுத்துப் பார்ப்பதே நேர்வழி. விடியற்காலை ஐந்து மணிக்கு ஆக்ஸிஜன் எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்க்காதவர் ரத்தம் பார்க்கக் கிளம்புவதை நான் ஆதரிக்க மாட்டேன். தண்ணீர் முதலில், செவுள் இரண்டாவது, ரத்தம் அதற்கப்புறம்.

இறால்காரர்களும் கேட்பீர்கள். இறாலில் ரத்தத்தின் இடத்தில் இருப்பது ஹீமோலிம்ப் என்கிற திரவம். சிவப்பணு கிடையாது, ஹீமோகுளோபின் கிடையாது, ஆக்ஸிஜனைச் சுமப்பது செம்பு உள்ள ஹீமோசயனின், அதனால் லேசான நீலம். பிசிவி என்ற பேச்சே இல்லை. ஆனால் ஒன்று உண்டு: நல்ல இறாலின் ஹீமோலிம்ப் சிரிஞ்சுக்குள்ளேயே சட்டென்று உறைந்துவிடும், வெண்புள்ளி வைரஸ் நோய் கண்டதில் உறையத் தாமதமாகும். உறையாமல் ஓடுகிறது என்றால் அன்றைக்கே பிசிஆருக்கு அனுப்ப அது போதுமான காரணம்.

கடலூருக்கென்று இன்னொரு உபயோகமும் இருக்கிறது, பண்ணைக்கு அல்ல, ஊருக்கு. ரசாயனத்தால் மரபணு அடிபட்டால் சிவப்பணுவுக்குள் பெரிய உட்கருவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் துணுக்கு தனியாகக் கிடக்கும். மனிதச் சிவப்பணுவில் உட்கருவே இல்லாததால் இது தெரியாது, மீனில் சாதாரண ஸ்மியரிலேயே எண்ணலாம். ஆயிரக்கணக்கான அணுக்களை எண்ண வேண்டும், பொறுமை வேண்டும், ஆனால் செலவு சாயத்துக்கு மட்டும்தான். சிப்காட் ஆலைகளை ஒட்டி ஓடும் உப்பனாறில் இருந்து தண்ணீர் ஏற்றுகிறவர்கள், வெள்ளாற்றுத் தண்ணீரில் வளர்க்கிறவரின் மீனோடு தங்கள் மீனின் ஸ்லைடை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

எங்கே போய்ப் பார்ப்பது? பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது, தெற்கே நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம், சென்னையில் உவர்நீர் மீன்வளர்ப்புக்கான மத்திய நிறுவனம். கொடுவாயை 1997இல் இந்தியாவில் முதலில் அடைப்பில் வைத்து இனப்பெருக்கம் செய்தவர்கள் அந்தச் சென்னை நிறுவனத்தார்தான். புதுச்சேரியில் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. எங்கே போனாலும் திரவ ரத்தத்தைப் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போவது வீண்வேலை, சூட்டில் ஒரு மணி நேரத்தில் அணுக்கள் உடையத் தொடங்கிவிடும். பிசிவி, சர்க்கரை, புரதம் மூன்றையும் குளத்துக் கரையிலேயே முடியுங்கள். பிளாஸ்மாவைப் பிரித்து ஐஸில் வையுங்கள். ஸ்மியரைத் தேய்த்து, காற்றில் உலர்த்தி, மெத்தனாலில் சில நிமிடம் முக்கி எடுத்துவிட்டால் அது நாள்கணக்கில் தாங்கும், கூரியரில்கூட அனுப்பலாம். ஸ்லைடின் சொரசொரப்பான ஓரத்தில் குளம் எண், மீன் எண், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மெத்தனாலில் கரைந்து ஓடிவிடும், பிறகு எது எந்தக் குளம் என்று யாராலும் சொல்ல முடியாது.